நாலு நாள் கரீபியன் ட்ரிப்: கார்டஹேனாவா, சான் ஹுவானா, ப்ளாயா டெல் கார்மெனா?

லாங் வீக்கெண்டோட ரெண்டு நாள் லீவு சேர்த்து கரீபியன் பக்கம் போயிட்டு வரலாம்னு அமெரிக்காவுல இருக்குற நம்ம ஆளுங்க பேச ஆரம்பிச்சா, கடைசியில இந்த மூணு பேர்லதான் வந்து நிக்கும்: கொலம்பியாவுல கார்டஹேனா, புவெர்ட்டோ ரிக்கோவுல சான் ஹுவான், மெக்சிகோவுல ப்ளாயா டெல் கார்மென். மூணுலயும் கடல் இருக்கு, பழைய காலத்துக் கல் கட்டடம் இருக்கு, தண்ணிக்குள்ளயோ காட்டுக்குள்ளயோ கூட்டிட்டுப் போய் இறக்கி விடுறதுக்கு ஆளுங்களும் இருக்காங்க. போட்டோவ மட்டும் பாத்தா எதை எடுக்குறதுன்னே தெரியாது. வாட்ஸப் குரூப்ல கேட்டா போயிட்டு வந்தவங்க அவங்கவங்க போன ஊரத்தான் சூப்பர்னு சொல்லுவாங்க, நீங்க எந்த மாசம் போறீங்க, யாரோட போறீங்க, கையில என்ன விசா இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

நாலு ராத்திரி ட்ரிப்னா முழுசா கிடைக்கிறது மூணு பகல்தான், வர்ற நாளும் கிளம்புற நாளும் ஏர்போர்ட்லயே கரைஞ்சு போயிடும். அந்த மூணு பகல்ல எத்தனை மணி நேரம் வண்டியில உக்காந்து போகுதுங்கிறத வச்சுத்தான் ஊரை முடிவு பண்ணணும்ங்கிறது என் அபிப்பிராயம். கடல் எங்க நீலமா இருக்கு, ஹோட்டல் எங்க சீப்புங்கிறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

## எதை எல்லாம் பாக்கணும்

முதல்ல விசா. இது சரியா வரலன்னா மத்த எதைப் பேசியும் பிரயோஜனம் இல்ல. புவெர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவோட பகுதி, அங்க போறது டொமஸ்டிக் ஃப்ளைட். ஹெச்1பி வேலை விசாவுல இருக்கீங்க, ஸ்டேட்டஸ் சரியா இருக்கு, ஆனா பாஸ்போர்ட்ல விசா ஸ்டாம்ப் முடிஞ்சு போச்சு, ஊருக்குப் போய் ஸ்டாம்பிங் பண்ண டேட் கிடைக்கல, இந்த நிலைமையில இருக்குறவங்களுக்கு சான் ஹுவான் தவிர வேற பேச்சே வேண்டாம். பாஸ்போர்ட்டும் ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு) பிரிண்ட்டும் கையில வச்சுக்கோங்க, டிக்கெட் போடும்போது வேற நாட்டு ஏர்போர்ட் வழியா கனெக்‌ஷன் வருதான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, வந்தா அது டொமஸ்டிக் இல்ல.

மெக்சிகோவுக்கு இந்திய பாஸ்போர்ட்காரங்க கையில செல்லுபடியாகுற அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தா தனியா விசா எடுக்க வேண்டாம். இங்க நிறைய பேரு குழம்புற விஷயம் ஒண்ணு இருக்கு. ஸ்டாம்ப் முடிஞ்சிருந்தாலும் மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள்ள போயிட்டு திரும்ப வரலாம்னு அமெரிக்காவுல ஒரு ரூல் உண்டு, அது உண்மைதான், ஆனா அது அமெரிக்கா உங்களைத் திரும்ப உள்ள விடுறதப் பத்தின ரூல். மெக்சிகோ உங்களை உள்ள விடணும்ல, அதுக்கு முடிஞ்சு போன ஸ்டாம்ப் செல்லாது. கனடாவுல நிரந்தர வசிப்புரிமை (பிஆர்) கார்டு வச்சிருக்குறவங்களுக்கும் மெக்சிகோ அந்த கார்டையே ஏத்துக்கும், அதனால டொராண்டோ பக்கம் இருக்குற நம்மாளுங்களுக்கு ப்ளாயா சுலபம், சான் ஹுவானுக்கு அவங்க அமெரிக்க விசா எடுக்கணும்.

கொலம்பியாவுல கிரீன் கார்டு இருந்தா பிரச்சனை இல்ல. அமெரிக்க விசாவ வச்சுப் போறதா இருந்தா, நீங்க இறங்குற அன்னைக்கு அந்த விசாவுல இன்னும் 180 நாளாவது பாக்கி இருக்கணும். 'செக்-மிக்'னு ஒரு ஆன்லைன் ஃபாரம், ஃப்ளைட்டுக்கு 72 மணி நேரத்துக்குள்ள நிரப்பணும், அது ஃப்ரீ. காசு கேக்குற சைட் எதுலயாவது மாட்டிக்காதீங்க. மூணு நாட்டு ரூலும் மாறக்கூடியதுதான், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அந்தந்த நாட்டு தூதரக சைட்ல பாத்துடுங்க.

விசாவுக்கு அடுத்து நாலு கேள்வி: தூங்குற இடத்துல இருந்து சாகசம் பண்ற இடத்துக்கு எவ்ளோ நேரம், விளம்பரத்துல சொல்லாத செலவு என்ன, அந்த மாசத்துல மழை, காத்து, கடல்பாசி எப்படி, கூட வர்ற குழந்தைங்களுக்கும் பெரியவங்களுக்கும் சைவம் சாப்பிடுறவங்களுக்கும் ஒத்து வருமா. இதை வச்சு ஒவ்வொரு ஊரா பாப்போம்.

## கார்டஹேனா

ஊரைச் சுத்திப் பாக்குறதுதான் முக்கியம், சாகசம் தொட்டுக்க இருந்தா போதும்னு நினைக்குறவங்களுக்கு மூணுலயும் இதுதான் முதல். ஸ்பானிஷ்காரங்க 1533-ல கட்டின ஊரு, யுனெஸ்கோ 1984-ல பட்டியல்ல சேர்த்துச்சு. ஊரைச் சுத்தி இருக்குற கல் மதில் மேலயே சாயங்காலம் நடக்கலாம், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் போகன்வில்லா தொங்குற பால்கனி வீடுங்க. ஏர்போர்ட்ல இருந்து மதில் ஊருக்கு டாக்ஸியில கால் மணி நேரம்கூட ஆகாது, இது சின்ன ட்ரிப்புக்கு எவ்ளோ பெரிய வசதின்னு மத்த ரெண்டு ஊரையும் பாத்தா புரியும். மதிய ஃப்ளைட்ல இறங்கினாலும் அன்னைக்கு சாயங்காலமே கெட்செமனிங்கிற பழைய பேட்டையோட தெருவுல நடந்துட்டு இருப்பீங்க.

சான் ஃபெலிபே கோட்டைய கண்டிப்பா பாக்கணும். 1741-ல இங்கிலாந்து 180-க்கு மேல கப்பலோட வந்து இந்த ஊரை முற்றுகை போட்டுச்சு, தளபதி எட்வர்ட் வெர்னன். எதிர்த்து நின்னவர் ப்ளாஸ் டி லெசோ, பழைய சண்டைகள்ல ஒரு காலும் ஒரு கண்ணும் போயி, ஒரு கையும் செயல்படாம போனவர். ஜெயிச்சாச்சுன்னு நினைச்சு இங்கிலாந்துல பதக்கமே அடிச்சுட்டாங்க, லெசோ மண்டி போட்டு சரணடையுற மாதிரி. கடைசியில தோத்துத் திரும்பினது வெர்னன்தான். கோட்டைக்கு முன்னாடி லெசோவோட சிலை இருக்கு, பாத்துட்டு உள்ள சுரங்கப்பாதைக்குள்ள போங்க, தலை இடிக்குற உயரத்துல இருட்டா சரிஞ்சு கீழ இறங்கும், குழந்தைங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். ஒரே விஷயம், மேல நிழலே கிடையாது, சித்திரை மாசத்து சென்னை மாதிரி புழுக்கம் இங்க வருஷம் முழுக்க, அதனால காலையில திறந்த உடனே போயிடணும், பதினொரு மணிக்கு மேல போனா பெரியவங்களால ஏற முடியாது.

சாகசம்னு வர்றப்போ ரெண்டு மூணு விதம் இருக்கு. எல்லாரும் போறது ரொசாரியோ தீவுகள், ஸ்பீட் போட்ல முக்கால் மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம். பவளப்பாறை மேல ஸ்நோர்க்லிங், அமைதியான தண்ணி, நல்லா இருக்கும். ஆனா டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் மதியத்துக்கு மேல காத்து ஏறும், திரும்பி வர்றப்போ போட் அலை மேல தூக்கித் தூக்கிப் போடும். முதுகு வலி இருக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்க அந்த மாசங்கள்ல இதுல ஏறவே வேண்டாம், ஏறுறவங்களும் பின் சீட்டுல உக்காருங்க, முன்னாடிதான் அடி அதிகம். 'பாரு'ங்கிற தீவுப் பக்கம் இருக்குற ப்ளாயா ப்ளாங்கா பீச்சுக்கு ரோடு வழியாவும் போகலாம், ஆனா அங்க நிம்மதியா அஞ்சு நிமிஷம் படுக்க முடியாது. மசாஜ்னு ஒருத்தர் கேக்காமலே தோளை அமுக்குவார், இன்னொருத்தர் சும்மா டேஸ்ட் பண்ணுங்கன்னு சிப்பிய நீட்டுவார், வாயில போட்டதுக்கு அப்புறம்தான் விலை தெரியும். ஆரம்பத்துலயே சிரிச்சுக்கிட்டு 'நோ கிராசியாஸ்' சொல்லிட்டு கையை மடக்கிக்கிறதுதான் வழி.

எனக்கு மனசுல நின்னது டொட்டுமோ மண் எரிமலைதான். ஊர்ல இருந்து ஒரு மணி நேரம், சுமார் 15 மீட்டர் உயரத்துல ஒரு மேடு, மரப்படி ஏறினா உச்சியில ஒரு சின்ன குளம் அளவுக்கு வெதுவெதுன்னு சாம்பல் நிற சேறு. உள்ள இறங்கினா காலு அடியைத் தொடாது, ஆனா முங்கவும் முடியாது, சேறு அப்படியே தூக்கிப் பிடிச்சுக்கும். நின்ன இடத்துல இருந்து திரும்பணும்னாகூட பக்கத்துல இருக்குறவங்க தோளைப் பிடிச்சுத் தள்ளணும், அப்படி ஒரு கெட்டி. நீச்சல் தெரியாதவங்களும் பயம் இல்லாம இறங்கலாம்ங்கிறது பெரிய விஷயம். வெளிய வந்ததும் பக்கத்து ஏரியில ஒரு அம்மா காது மடல் வரைக்கும் தேய்ச்சு கழுவி விடுவாங்க. உள்ள அமுக்கி விட்டவர், போன்ல படம் எடுத்துக் குடுத்தவர், கழுவி விட்ட அம்மா, எல்லாருக்கும் தனித்தனியா காசு குடுக்கணும், இது டூர் விலையில சேராது, அதனால சில்லறை பெசோ நிறைய எடுத்துட்டுப் போங்க. அது அவங்க வருமானம், அங்க பேரம் பேசாதீங்க.

அடிமைகளா இருந்து தப்பிச்சவங்க 17-ஆம் நூற்றாண்டுல உருவாக்கின சான் பசிலியோ டி பலெங்கே ஊரும் ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள வந்துடும். தலையில பழக்கூடையோட கலர் பாவாடை கட்டி நிக்குற பெண்கள் இந்த ஊர்க்காரங்க, இவங்களுக்குன்னு ஒரு மொழியே இருக்கு. சாகசம் இல்லன்னாலும் அரை நாள் ஒதுக்கத் தகுந்த இடம். டயரோனாங்கிற கடலோரக் காட்டு பார்க் பத்தி யாராவது சொன்னா, அழகுதான், ஆனா கார்டஹேனாவுல இருந்து நாலஞ்சு மணி நேரம், இந்த ட்ரிப்புக்கு ஆகாது. அதுவும் பிப்ரவரியிலயும் ஜூன்லயும் அக்டோபர் கடைசியிலயும் ரெண்டு ரெண்டு வாரம் பார்க்கையே மூடிடுவாங்க.

சொல்லாத செலவு: தீவுக்குப் போற போட் விலையில துறைமுகக் கட்டணமும் பார்க் கட்டணமும் பெரும்பாலும் சேராது, ஜெட்டியிலயே கேஷா கேப்பாங்க. டாக்ஸியில மீட்டர் கிடையாது, ஏறுறதுக்கு முன்னாடி விலை பேசிடணும். ரெஸ்டாரண்ட் பில்லுல 10 சதவீதம் டிப் சேர்க்கவான்னு கேப்பாங்க, அது உங்க விருப்பம். லாபம் ஒண்ணும் இருக்கு: டூரிஸ்டா வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு ஹோட்டல் ரூம் மேல இருக்குற 19 சதவீத வரி கிடையாது, பாஸ்போர்ட்ட காட்டி பில்லுல எடுக்கச் சொல்லுங்க.

சாப்பாட்டுல தேங்காய்ப்பால் சாதம், வாழைக்காயை தட்டி ரெண்டு தடவை பொரிச்ச பட்டகோன், சீஸ் அரேபா (சோள அடை), தேங்காய் லெமனேட் இதுலயே சைவக்காரங்க ஓட்டிடலாம். தெருவுல மாங்காய நீளநீளமா சீவி உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தருவாங்க. மணிக்கூண்டுக்குப் பக்கத்துல இருக்குற மிட்டாய்க் கடை வரிசையில தேங்காய் பர்ஃபி மாதிரி கொகாடாவும் புளி உருண்டையும் இருக்கும். நம்ம சப்போட்டாவும் அங்க சர்வ சாதாரணம், நிஸ்பெரோன்னு கேட்டு ஜூஸ் வாங்கிக் குடிங்க.

## சான் ஹுவான்

பழைய ஊர்ல பாக்க ரெண்டு கோட்டை, எல் மொர்ரோவும் சான் கிறிஸ்டோபலும். 1539-ல ஆரம்பிச்ச எல் மொர்ரோவ 1595-ல பிரான்சிஸ் டிரேக் வந்து மோதிட்டுத் திரும்பினார். தேசிய பூங்கா சேவைதான் பாத்துக்குது, 10 டாலர் டிக்கெட்டுல ரெண்டு கோட்டையையும் பாக்கலாம், சின்னப் பசங்களுக்கு ஃப்ரீ, அமெரிக்க தேசிய பூங்கா வருஷ பாஸ் வச்சிருந்தா அதுவே போதும். கோட்டைக்கு முன்னாடி பெரிய புல்வெளி, கடல் காத்து நிக்காம அடிக்கும், ஊர்க்காரங்க குடும்பத்தோட வந்து பட்டம் விடுவாங்க. வழியிலயே பட்டம் வாங்கிக் குழந்தைங்ககிட்ட குடுத்துட்டா ஒரு மணி நேரம் நீங்க நிம்மதியா கடலைப் பாத்துட்டு உக்காரலாம். தெருவுல பதிச்ச நீலக் கல்லு மழை பெஞ்சா வழுக்கும், நல்ல ஷூ போட்டுக்கோங்க.

சான் ஹுவான் கரையில இருக்குறது அட்லாண்டிக் கடல், தீவோட வடக்குப் பக்கம். போஸ்டர்ல வர்ற மாதிரி அசையாத தண்ணியை எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க, முக்கியமா குளிர்காலத்துல அலை பெருசா இருக்கும், கொண்டாடோ பீச்ல இழுப்பு ஜாஸ்தி. சிவப்புக் கொடி பறந்தா இறங்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

இந்த ஊரோட பலம் ஊருக்கு வெளிய. எல் யுன்கே காடு ஒரு மணி நேரத்துக்குள்ள. அமெரிக்க வனத்துறைகிட்ட இருக்குற ஒரே வெப்பமண்டல மழைக்காடு அதுதான், உச்சியில வருஷத்துக்கு 200 இஞ்சுக்கு மேல மழை. ரோட்டோரத்துலயே லா கொகா அருவி, யொகாஹு டவர், கொஞ்சம் நடந்தா குளிக்கற மாதிரி ஓடைங்க. நடக்க முடியாத பெரியவங்களும் வண்டியில இருந்து இறங்கி அருவிய பாத்துட்டு ஏறிக்கலாம்.

ராத்திரிக்கு ஃபஹார்டோவுல லகூனா கிராண்டே, அதுவும் கிழக்க ஒரு மணி நேரம்தான், அதனால காட்டையும் இதையும் ஒரே நாள்ல முடிக்கலாம். கயாக்ல ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து, சதுப்புநிலக் காட்டுக்கு நடுவுல ஒரு ஒடுக்கமான கால்வாய்ல கும்மிருட்டுல துடுப்பு போட்டுப் போகணும், வேர் ரெண்டு பக்கமும் கையில உரசும், முன்னாடி போற கயாக்கோட சின்ன லைட்டு மட்டும்தான் தெரியும். அதைத் தாண்டி ஏரிக்குள்ள வந்ததும் துடுப்ப தண்ணியில விட்டா நீலமா பளிச்சுன்னு ஒரு கோடு ஓடும், கையை விட்டு எடுத்தா விரல் நுனியில இருந்து மினுக்கு மினுக்குன்னு சொட்டும். தண்ணியில இருக்குற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் அசைஞ்சா ஒளி விடும், அவ்ளோதான் காரணம், ஆனா நேர்ல பாக்குறப்போ காரணம் எதுவும் ஞாபகம் வராது. போன் கேமராவுல இது விழாது, வெப்சைட்ல போட்டிருக்குற படத்தை நம்பிப் போகாதீங்க. பௌர்ணமி பக்கம் போனா ஒண்ணுமே தெரியாது, அமாவாசையை ஒட்டிப் போகணும், நம்ம வீட்டு தினசரி காலண்டர் இதுக்குப் போதும். தண்ணியில குதிச்சுக் குளிக்க இங்க அனுமதி இல்ல. வியெக்கெஸ் தீவுல இருக்குற மொஸ்கிட்டோ பே இன்னும் பிரகாசமா இருக்கும், ஆனா ஃபெர்ரி ஏறி அங்கயே ஒரு ராத்திரி தங்கணும், நாலு நாள்ல அது பேராசை.

கயித்துல தொங்கிப் போறவங்களுக்கு ஒரோகோவிஸ் மலையில டோரோ வெர்டே, அங்க 'மான்ஸ்டர்'னு ஒரு ஜிப்லைன், ரெண்டரை கிலோமீட்டர் நீளம், 2018-ல எமிரேட்ஸ்ல இன்னொண்ணு வர்ற வரைக்கும் உலகத்துலயே நீளமானது. மலை ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், போக வர ஒரு பகல் போச்சுன்னு வச்சுக்கோங்க. எடை லிமிட் உண்டு, புக் பண்றதுக்கு முன்னாடி பாத்துடுங்க.

செலவுன்னு பாத்தா மூணுல இதுதான் அதிகம், ஹோட்டலும் சாப்பாடும் அமெரிக்க விலைதான். ரூம் வரிக்கு மேல ரிசார்ட் ஃபீஸ் தனியா வரும், கடையில 11.5 சதவீத வரி, வாடகைக் கார்ல டோல் பெட்டிக்கு தினமும் ஒரு தொகை போடுவாங்க. கார் இல்லாம இங்க சாகசம் எதுவும் நடக்காது, இல்லன்னா ஒவ்வொண்ணுக்கும் டூர் பஸ் காசு குடுக்கணும். ஆனா கரன்சி மாத்த வேண்டாம், உங்க போன் பிளான் அப்படியே வேலை செய்யும், ஆஸ்பத்திரி போக வேண்டி வந்தா அமெரிக்க இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் செல்லும், வயசான அப்பா அம்மாவோட போறவங்களுக்கு இங்கிலீஷ் பேசி சமாளிக்கலாம்ங்கிற தைரியம் இருக்கும். சைவத்துக்கு மொஃபோங்கோ (பொரிச்ச வாழைக்காயை இடிச்சு செய்யுறது) கேக்கும்போது பன்றித் தோல் சேர்க்காம செய்யச் சொல்லணும், பீன்ஸ்லயும் ஹாம் போடுற பழக்கம் உண்டு, கேட்டுக்கோங்க.

## ப்ளாயா டெல் கார்மென்

சாகசம்தான் முக்கியம், ஊரு ரெண்டாம் பட்சம்னா இதுக்குப் போட்டியே இல்ல. ஊருன்னு பாத்தா கடைத்தெருதான், ஐந்தாம் அவென்யூல சாயங்காலம் நடக்கலாம், ஒரு நாளைக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. கன்கூன் ஏர்போர்ட்ல இறங்கி தெற்க ஒரு மணி நேரம் பஸ்ல வரணும். வெளிய வர்ற வழியில டாக்ஸி, டூர், ஃப்ரீ டிபன்னு கூப்பிடுற டைம்ஷேர் ஆளுங்க வரிசையா நிப்பாங்க, நிக்காம நேரா ADO-ங்கிற பஸ் கம்பெனி கவுண்டருக்கு நடங்க.

இங்க விசேஷம் செனோட்டே. யுகட்டான் முழுக்க சுண்ணாம்புக்கல், மழைத்தண்ணி அப்படியே உள்ள இறங்கிடும், மேல ஓடுற ஆறே கிடையாது, எல்லாம் தரைக்கு அடியில குகை வழியாத்தான் ஓடுது. குகையோட கூரை இடிஞ்சு விழுந்த இடம்தான் செனோட்டே. டுலும் பக்கத்துல சாக் ஆக்டூன், டோஸ் ஓஹோஸ்னு ரெண்டு குகை அமைப்பு தண்ணிக்கு அடியில ஒண்ணுதான்னு 2018-ல கண்டுபிடிச்சாங்க, மொத்தம் 347 கிலோமீட்டர். டோஸ் ஓஹோஸ்ல மாஸ்க் போட்டுட்டு முகத்தை உள்ள வச்சா அடியில சுண்ணாம்புத் தூண் தெளிவாத் தெரியும், தலைக்கு மேல கூரையில வவ்வால் தொங்கும், தண்ணி சில்லுன்னு இருக்கும். நீச்சல் தெரியாத குழந்தைங்களுக்கு ப்ளாயாவுல இருந்து அரை மணி நேரத்துக்குள்ள இருக்குற செனோட்டே அசூல், திறந்தவெளி, ஓரத்துல முட்டி அளவு தண்ணி, குட்டி மீனுங்க காலைக் கொத்தும். உடம்புல சன்ஸ்கிரீன் போட்டுட்டு இறங்க விட மாட்டாங்க, முதல்ல குளிச்சுட்டுத்தான் போகணும், அதனால முழுக்கை நீச்சல் சட்டை எடுத்துட்டுப் போங்க.

கார் எடுக்கணும்னு கட்டாயம் இல்ல, ஹைவே 307-ல டுலும் வரைக்கும் கொலெக்டிவோன்னு வேன் ஓடிட்டே இருக்கும், செனோட்டே வாசல்ல நிறுத்தச் சொன்னா நிறுத்துவாங்க. கடல் ஓரமா பாறை மேல இருக்குற டுலும் மாயன் இடிபாடு ஒரு மணி நேரம். கொசுமெல் தீவு ஃபெர்ரியில முக்கால் மணி நேரம், பவளப்பாறை டைவிங்குக்கு அதுதான். டைவ் பண்ணிட்டு 18 மணி நேரமாவது ஃப்ளைட் ஏறக் கூடாது, சின்ன ட்ரிப்ல இதை எல்லாரும் மறந்துடுறாங்க, டைவிங்க முதல் ரெண்டு நாளுக்குள்ள முடிச்சுடுங்க. சிச்சென் இட்சாவ பத்தி மட்டும் யோசிங்க: நாலு பக்கமும் 91 படி, மேல ஒண்ணு, ஆக 365 படி கட்டின பிரமிட், பாக்க வேண்டிய இடம்தான், ஆனா போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல, வர அதே மாதிரி, பிரமிட் மேல ஏறவும் விடுறதில்ல. மூணு பகல்ல ஒண்ணு அதுக்கே போயிடும். நானா இருந்தா டுலுமோட நிறுத்திட்டு இன்னொரு செனோட்டே பாப்பேன்.

செலவு ஒளிஞ்சிருக்குற ஊரு மூணுல இதுதான். வாடகைக் கார் ஆன்லைன்ல நாளைக்கு அஞ்சு டாலர்னு காட்டும், கவுண்டர்ல போனா மெக்சிகோ சட்டப்படி மூணாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம்னு பல மடங்கு ஏறும், உங்க கிரெடிட் கார்டு இன்ஷூரன்ஸ் அதுக்கு செல்லாது. மாநிலத்துக்கு விசிடாக்ஸ்னு ஆளுக்கு 15 டாலர் பக்கம், ஹோட்டல்ல ராத்திரிக்கு சுற்றுச்சூழல் வரி, டுலுமுக்கு ஒரே வாசல்ல ரெண்டு மூணு டிக்கெட், சிச்சென் இட்சாவுக்கு ரெண்டு சீட்டு சேர்த்து 600 பெசோவுக்கு மேல, செனோட்டேல லைஃப் ஜாக்கெட், லாக்கர் தனித்தனி. எக்ஸ்காரெட் மாதிரி தீம் பார்க்குக்கு ஆளுக்கு 100 டாலருக்கு மேல, நாலு பேர் குடும்பத்துக்கு யோசிச்சுப் பண்ணுங்க. ஏடிஎம்-ல டாலர் கணக்குல எடுக்கவான்னு கேட்டா வேண்டாம்னு அமுக்குங்க. சைவத்துக்கு மூணுல இதுதான் தேவலாம், கேசடியா, கள்ளி டாக்கோ, சோளம்னு எங்கயும் கிடைக்கும், பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு போடுறாங்களான்னு மட்டும் கேளுங்க.

## ஒரே பார்வையில

| | கார்டஹேனா | சான் ஹுவான் | ப்ளாயா |
|---|---|---|---|
| இந்திய பாஸ்போர்ட் | கிரீன் கார்டு, இல்ல 180 நாள் பாக்கி இருக்குற அமெரிக்க விசா | டொமஸ்டிக் ட்ரிப் | செல்லுற அமெரிக்க விசா / கிரீன் கார்டு |
| ஏர்போர்ட்ல இருந்து ஊரு | கால் மணி நேரத்துக்குள்ள | ஊருக்குள்ளயே | சுமார் ஒரு மணி நேரம் |
| ஊர் சுத்த | ரொம்ப நல்லா | நல்லா | சுமார் |
| சாகசம் | தீவு, மண் எரிமலை | காடு, ஒளிரும் ஏரி, ஜிப்லைன் | செனோட்டே, டைவிங் |
| கார் தேவையா | வேண்டாம் | வேணும் | இருந்தா வசதி |
| மொத்த செலவு | குறைவு | அதிகம் | நடுவுல, உள்செலவு ஜாஸ்தி |
| வயசானவங்க | வெயில் கஷ்டம் | சௌகரியம் | நடை ஜாஸ்தி |

## எங்க இருந்து கிளம்புறீங்க

நியூஜெர்சி, நியூயார்க், ஃப்ளோரிடா பக்கம் இருக்குறவங்களுக்கு மூணுமே கைக்கு எட்டும், நியூயார்க்ல இருந்தும் மயாமியில இருந்தும் கார்டஹேனாவுக்கு நேர் ஃப்ளைட் உண்டு. டல்லாஸ், ஹூஸ்டன்காரங்களுக்கு கன்கூன் ரெண்டரை மணி நேரம், அதை விட்டுட்டு வேற யோசிக்க வேண்டாம். கலிஃபோர்னியாவுல இருந்து கார்டஹேனா போகணும்னா கனெக்‌ஷன்லயே ஒரு நாள் காலி, அஞ்சு ராத்திரியாவது இல்லன்னா விட்டுடுங்க.

சின்னக் குழந்தையோட அப்பா அம்மாவும் ஊர்ல இருந்து வந்திருக்காங்கன்னா சான் ஹுவான். ரெண்டு பேரா போறீங்க, நடக்கப் பிடிக்கும், பழைய ஊருன்னா உயிருன்னா கார்டஹேனா. ஃப்ரெண்ட்ஸ் கும்பலா போய் தினமும் தண்ணியில கிடக்கணும்னா ப்ளாயா.

## எந்த லீவுக்கு எது

ஜனவரி மார்ட்டின் லூதர் கிங் லீவை ஒட்டி பழைய சான் ஹுவான்ல சான் செபஸ்தியான் திருவிழா நடக்கும், தெருவே தெரியாத அளவுக்குக் கூட்டம். ஆட்டம் பாட்டம் பிடிக்கும்னா அதுக்குன்னே போங்க, குழந்தையோட கோட்டை பாக்கணும்னா அந்த வாரம் வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி லீவுக்கு கார்டஹேனா நல்லா இருக்கும், மழை கிடையாது, காத்து இருக்குறதால புழுக்கமும் கொஞ்சம் குறையும், தீவுக்கு மட்டும் காலை போட்ல போய் சீக்கிரம் திரும்பிடுங்க. அதே மாசங்கள்ல ப்ளாயா பக்கம் வடக்குக் காத்து அடிச்சா கொசுமெல் ஃபெர்ரிய நிறுத்திடுவாங்க, ஒரு நாள் இடைவெளி விட்டு பிளான் போடுங்க.

மே கடைசி மெமோரியல் டே, ஜூலை 4, இந்த ரெண்டுக்கும் ப்ளாயா பீச்ச நம்பாதீங்க. சர்காசம் பாசி ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கரையில குவியும், பழுப்பா மெத்தை மாதிரி கிடந்து அழுகின முட்டை வாடை அடிக்கும். செனோட்டேவுக்கும் கொசுமெலோட மேற்குக் கரைக்கும் இது பாதிப்பு இல்ல, அதுக்காகன்னா தாராளமா போகலாம். மே நடுவுல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் திமிங்கலச் சுறாவோட நீந்தலாம்ங்கிற ஆசை இருக்குறவங்களும் அப்பதான் போகணும்.

புயல் சீசன் ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும், செப்டம்பர்தான் உச்சம், லேபர் டே லீவு அதுல வந்து விழுது. 2017 செப்டம்பர் 20 மரியா புயல் புவெர்ட்டோ ரிக்கோவ என்ன பண்ணுச்சுன்னு தெரியும், 2024 ஜூலையில பெரில் டுலும் பக்கம் கரையேறுச்சு. கார்டஹேனா புயல் பாதைக்குத் தெற்க இருக்கு, நேரடி அடி அரிது, அதனால லேபர் டேக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். அக்டோபர், நவம்பர் அங்க மழைக்காலம், 2020 நவம்பர்ல ஐயோட்டா புயல் தூரத்துல போனதுக்கே ஊர் பாதி தண்ணியில நின்னுச்சு. அதனால தேங்க்ஸ்கிவிங்குக்கு ப்ளாயாவோ சான் ஹுவானோ எடுங்க. சான் ஹுவான்னா அந்த வருஷம் அமாவாசை எந்தத் தேதியில விழுதுன்னு பாருங்க, தேங்க்ஸ்கிவிங் வாரம் பௌர்ணமியா இருந்தா கயாக் காச மிச்சம் பண்ணி அந்த நாளை டோரோ வெர்டேவுக்குக் குடுத்துடுங்க.